25-ஆவது இடத்தில் மைக் டிரவுட்: ஒரு நியூ ஜெர்சிப் பையனுக்கு விழுந்த தள்ளுபடி

2009 ஜூன் 9 அன்று நடந்த, அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்டில் 21 அணிகள் மைக் டிரவுட்டைத் தாண்டிப் போயின. 24 பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகு 25-ஆவதாக ஏஞ்சல்ஸ் அணி அவரை எடுத்தது. செகாக்கஸில் இருந்த தொலைக்காட்சி ஸ்டுடியோவுக்கு அன்றைக்கு நேரில் வந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான் என்பதால், பெயர் வராமல் போன ஒவ்வொரு நிமிடமும் கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. அப்புறம் நடந்தது ஊரறிந்த விஷயம்: 2012-இல் ஒருவர்கூட மாற்றி வாக்களிக்காமல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம், 2014, 2016, 2019 என மூன்று எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருதுகள், 12 ஆண்டுகளுக்கு 42.65 கோடி டாலர் ஒப்பந்தம்.

இதை வழக்கமாக "ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காகத் திறமை தேடுபவர்கள்) கோட்டை விட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அளந்தவர்கள் ஒழுங்காகத்தான் அளந்தார்கள். அளந்து வந்த எண்ணிலிருந்து எவ்வளவு கழிப்பது என்று மேலே உட்கார்ந்து முடிவு செய்தபோதுதான் கணக்கு கெட்டது என்று நினைக்கிறேன். அந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு சோம்பேறித்தனம் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

என்னத்தை அளக்கிறார்கள்

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் பின்னணி. 1965-இலிருந்து நடக்கும் டிராஃப்டில், பள்ளி முடிக்கும் 17, 18 வயதுப் பையன்களும் கல்லூரியில் ஆடுபவர்களும் ஒரே பட்டியலில் இருப்பார்கள், அணிகள் வரிசையாக ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். எடுத்த உடனே யாரும் பெரிய மைதானத்துக்குப் போவதில்லை, மைனர் லீக்கில் வருடக்கணக்காகத் தேற வேண்டும். ஆகவே ஸ்கவுட்டின் வேலை இன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறான் என்று சொல்வதோடு முடியாது. 17 வயதில் பார்க்கும் உடம்பும் கையும் 24 வயதில் என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவது அது.

இதற்கு அவர்களிடம் இருக்கும் அளவுகோல் 20-இலிருந்து 80 வரை போகிறது. 50 என்றால் மேஜர் லீக் சராசரி, ஒவ்வொரு 10 புள்ளியும் ஏறக்குறைய ஒரு திட்ட விலக்கம். ஐந்து திறன்கள் இதில் மதிப்பிடப்படும்: பந்தைச் சரியாகத் தொடுவது, தூரம் அடிக்கும் பலம், ஓட்டம், எறியும் கை, ஃபீல்டிங். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள், இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்த பிறகு எவ்வளவு. பள்ளிப் பையனுக்கு இன்றைய எண் 30, நாளைய எண் 55 என்று இருந்தால் அது சாதாரணம். அந்த 25 புள்ளி இடைவெளி முழுக்க முழுக்க ஸ்கவுட்டின் கற்பனையும் அனுபவமும்தான்.

ஐந்தில் சிலது கடிகாரத்துக்குள் அடங்கும். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, அடித்ததும் அவர் ஓட வேண்டிய முதல் பேஸ் 90 அடி. வலது கையால் ஆடுபவர் பேட்டில் பந்து பட்ட சத்தத்திலிருந்து 4.3 வினாடியில் கால் வைத்தால் 50, 4.0-க்கு வந்தால் 80. இடது கைக்காரர் பேஸுக்குக் கொஞ்சம் கிட்டே நிற்பதால் அவருக்கு பத்தில் ஒரு வினாடி குறைத்துக் கணக்கிடுவார்கள். பத்தில் ஒரு வினாடிக்கு 10 புள்ளி, அதையும் கட்டை விரலால் அமுக்கும் ஸ்டாப்வாட்சை வைத்து அளக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். நல்ல ஸ்கவுட் ஒரு நேரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகமாட்டார். பேட்டைச் சுழற்றி முடிக்குமுன்பே ஓடத் தொடங்கிய ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டார், பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போனதைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் தளர்ந்த ஓட்டத்தையும் சேர்க்கமாட்டார். பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சருக்கு, பந்தைப் பிடித்த நொடியிலிருந்து அது இரண்டாவது பேஸில் நிற்பவர் கையுறைக்குப் போய்ச் சேர 2 வினாடி என்றால் சராசரி. பந்து வீசும் பிட்சருக்கு 1970-களின் நடுவில் ரேடார் கன் வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் கார் வேகம் பிடிக்கும் கருவியைப் பார்த்து, இதைப் பந்துக்கு ஏன் திருப்பக்கூடாது என்று யோசித்தவர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர்.

கடிகாரத்துக்குள் அடங்காதது பேட்டிங். முதல் திறன் என்று பட்டியலில் வருவதும் அதுதான், மற்ற நான்கையும் சேர்த்து வைத்தாலும் அது இல்லாவிட்டால் ஆள் தேறமாட்டான் என்பதும் அதுதான். அதை அளக்கக் கருவி கிடையாது, 2009-இல் சுத்தமாகக் கிடையாது. நல்ல பிட்சருக்கு எதிராக அவன் நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வழி.

மில்வில்லில் பார்க்க முடிந்ததும் முடியாததும்

மில்வில் என்பது நியூ ஜெர்சியின் தெற்கில், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், கண்ணாடித் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஒரு சின்ன ஊர். டிரவுட் அங்கே ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்) ஆகவும் பிட்சராகவும் ஆடி, கடைசி வருடம்தான் மைதானத்தின் தொலைவுப் பகுதியான அவுட்ஃபீல்டுக்கு மாறினார். அந்தக் கடைசி சீசனில் 18 ஹோம் ரன், மாநிலப் பள்ளிச் சாதனை. பிளேஆஃபில் செரி ஹில் ஈஸ்ட் அணி மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது வேண்டுமென்றே அவருக்கு வாக் கொடுத்தது, அதாவது அடிக்கவே விடாமல் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பியது. ஒரு ரன்னைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், இவன் பேட்டைச் சுழற்றாமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவர்களுக்கு.

ரசிகனுக்கு இது சுவையான கதை, ஆனால் கலிஃபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி வந்து வேலியோரம் நிற்கும் ஸ்கவுட்டுக்கு இது பெரிய தலைவலி. ஓர் ஆட்டத்தில் ஒரு பேட்டருக்கு மூன்று அல்லது நான்கு முறைதான் வாய்ப்பு வரும், அதில் இரண்டு முறை பயந்துபோன எதிரணி வாக் கொடுத்துவிட்டால், மிச்சம் பார்க்கக் கிடைப்பது நாலைந்து சுழற்றல்கள். அதுவும் மணிக்கு 80 மைலுக்குப் பக்கத்தில் போடும் பள்ளிப் பிட்சர்களுக்கு எதிராக, கையில் அலுமினிய பேட்டோடு. டென்னிஸ் பந்தில் தெருவில் சிக்ஸர் சிக்ஸராக அடிப்பவன் தோல் பந்தில் என்ன செய்வான் என்று நம்மூரில் கேட்பார்களே, அதே கேள்விதான். போதாக்குறைக்கு வடகிழக்கு மாநிலங்களின் பருவநிலை. டெக்சாஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியாப் பையன்கள் பிப்ரவரியிலேயே ஆடத் தொடங்கிவிடுவார்கள், வருடம் முழுக்க ஏதாவது ஓர் ஆட்டம் இருக்கும். நியூ ஜெர்சியில் ஏப்ரல் பிறந்த பிறகுதான் சீசன், அதிலும் பாதி நாள் குளிர், மீதியில் மழை, குளிரில் பந்து தூரம் போகாது, கை விறைக்கும். அப்போதெல்லாம் ஜூன் தொடக்கத்திலேயே டிராஃப்ட் வந்துவிடும். மேலதிகாரிகள் வந்து பார்க்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் மழை பெய்தால் முடிந்தது கதை.

"மேலதிகாரிகள்" என்று சொன்னதை விளக்க வேண்டும். ஒவ்வொரு அணியிலும் ஒரு வட்டாரத்தைக் கவனிக்கும் ஏரியா ஸ்கவுட் இருப்பார், அவர்தான் பையனைப் பல முறை பார்ப்பார், வீட்டுக்குப் போவார், பயிற்சியாளரிடம் பேசுவார். அவர் உயர்ந்த மதிப்பெண் போட்டால், நாடு முழுக்கச் சுற்றி ஒப்பிடும் கிராஸ்செக்கர் வந்து பார்ப்பார். கடைசியில் ஸ்கவுட்டிங் இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, அணியின் தேர்வு வரிசையை எழுதிய போர்டில் பெயரை மேலே வைப்பார் அல்லது கீழே தள்ளுவார். நடைமுறையில், அதிகம் பார்த்தவருக்கு அதிகாரம் குறைவு, அதிகாரம் உள்ளவர் பார்ப்பது குறைவு. நல்ல வெயில் உள்ள மாநிலத்துப் பையனுக்கு இது பெரிதாகப் பாதிக்காது, ஏனென்றால் இயக்குநர் எந்த வாரம் வந்தாலும் அவன் ஆடிக்கொண்டிருப்பான்.

ஏஞ்சல்ஸ் அணியில் வடகிழக்கைப் பார்த்துக்கொண்டவர் கிரெக் மோர்ஹார்ட். இவருக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது: மைக்கின் அப்பா ஜெஃப் டிரவுட்டும் மோர்ஹார்ட்டும் 1980-களில் மினசோட்டா ட்வின்ஸ் அணியின் மைனர் லீக்கில் சேர்ந்து ஆடியவர்கள். அந்தக் குடும்பத்தில் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு எப்படிப்பட்டது என்பது அவருக்குப் பக்கத்தில் நின்று தெரிந்த விஷயம். இதை எந்த அறிக்கைப் படிவத்திலும் ஓர் எண்ணாக எழுத முடியாது. மோர்ஹார்ட் மிக உயர்ந்த மதிப்பீடு கொடுத்தார், மிக்கி மேன்டில் பெயரைச் சொல்லி ஒப்பிடும் அளவுக்குப் போனார், அவருடைய இயக்குநர் எடி பேன் அதை நம்பினார். பேன் தன்னுடைய ஏரியா ஸ்கவுட்டின் வார்த்தைக்கு வைத்த எடைதான் இந்த வழக்கில் தீர்மானமான விஷயம் என்பது என் கணிப்பு.

தற்செயலும் உதவியது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வருடம் ஏஞ்சல்ஸ் கையில் அடுத்தடுத்து இரண்டு இடங்கள், 24-உம் 25-உம். பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸை மெட்ஸ் அணி இழுத்துக்கொண்டதற்கு ஈடாக ஒன்று, மார்க் டெக்ஸீராவை யாங்கீஸ் இழுத்துக்கொண்டதற்கு ஈடாக இன்னொன்று. டிரவுட்டை எடுத்த 25-ஆவது இடம் உண்மையில் யாங்கீஸுடையது. மில்வில்லுக்கு மிக அருகில் உள்ள ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸுக்கோ அந்த வருடம் முதல் சுற்றில் இடமே இல்லை. ராவுல் இபான்யெஸை வாங்கியதற்காக அதை சியாட்டிலுக்கு விட்டுக் கொடுத்திருந்தார்கள்.

தள்ளுபடி

அப்படியானால் மற்ற 21 அணிகளுக்கு என்ன ஆயிற்று? அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2008 கோடையில் லாங் பீச்சில், நாட்டின் நல்ல பள்ளி ஆட்டக்காரர்களைக் கூட்டி நடத்திய ஏரியா கோட் கேம்ஸில் டிரவுட் ஆடினார். மர பேட், நாட்டின் நல்ல பிட்சர்கள், வேலியோரம் எல்லா அணி ஸ்கவுட்டுகளும். ஓட்டம் வேகமானது என்பதில் யாருக்கும் சண்டையில்லை, உடம்பு பலமானது என்பதிலும் இல்லை. எறியும் கை சுமார், ஷார்ட்ஸ்டாப்பாக நீடிக்க மாட்டார், சுழற்றலில் சரிசெய்ய வேண்டியது உண்டு; இதெல்லாமும் உண்மைதான்.

இவற்றின் மேல் பொதுவான கழித்தல்கள் வந்து உட்கார்ந்தன. குளிர் மாநிலத்துப் பையன், கழி. எதிரணி பலவீனம், கழி. வலது கையால் எறிந்து வலது கையால் ஆடும் பள்ளி அவுட்ஃபீல்டர், வரலாற்றில் ஏமாற்றிய வகை, கழி. அதற்கு மேல் ஒரு பேய் வேறு: 2006-இல் இதே தெற்கு நியூ ஜெர்சியில், பென்சாக்கனில் உள்ள பள்ளியிலிருந்து பில்லி ரோவெல் என்பவரை பால்டிமோர் ஓரியோல்ஸ் 9-ஆவதாக எடுத்தது, 2009 வாக்கில் அவர் மைனர் லீக்கில் திணறிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர், அதே வயது, அதே மாதிரி எதிரணிகளுக்கு எதிராக அடித்துக் குவித்த எண்கள். "நியூ ஜெர்சி பேட்டரை நம்பி ஒரு தடவை பட்டது போதாதா?" என்று ஓர் அறையில் யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. குளிர், குறைந்த ஆட்டம், பலவீனமான எதிரணி என்ற மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: இந்தப் பையனைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. தெரிந்தது குறைவு என்றால் மதிப்பீட்டைச் சுற்றியுள்ள வரம்பு அகலமாக வேண்டும், மேலேயும் கீழேயும். அதற்குப் பதிலாக நடுப்புள்ளியையே கீழே இறக்கிவிட்டார்கள், அதுவும் ஒரே காரணத்துக்காக மூன்று தடவை. ரோவெல் கதையோ ஒரே ஒருவரின் கதை, அதிலிருந்து ஒரு மாநிலத்துக்கே விதி எழுத முடியாது.

அந்த எச்சரிக்கையால் அணிகளுக்கு என்ன லாபம் கிடைத்தது என்றும் பார்க்கலாம். டிரவுட்டுக்கு முன்பாகப் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் 11 பேர். அதில் ஆறு பேர்தான் பின்னால் மேஜர் லீக்கில் கால் வைத்தார்கள். பிட்சர்களை விட்டுவிட்டு பேட்டர்களை மட்டும் எண்ணினால் நான்கு பேர்: டொனாவன் டேட், பாபி போர்ச்சரிங், ஜியோ மியர், ராண்டல் கிரிச்சக். மேஜர் லீக் வரை போனது கிரிச்சக் மட்டும், அவர் ஏஞ்சல்ஸே 24-ஆவதாக எடுத்தவர். முதல் மூவரும் ஜார்ஜியா, ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா. எல்லாரும் ஆசை தீரப் பார்த்த வெயில் மாநிலங்கள்.

டேட் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சான் டியேகோ பாட்ரேஸ் அவரை 3-ஆவதாக எடுத்து 62.5 லட்சம் டாலர் போனஸ் கொடுத்தது. டிரவுட்டுக்குக் கிடைத்தது 12.15 லட்சம். ஓட்டம், கை, ஃபீல்டிங், பலம் என அளக்கக்கூடிய எல்லாவற்றிலும் டேட் அசத்தினார், அமெரிக்கக் கால்பந்திலும் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் துரத்தின. காயமும் வேறு சிக்கல்களும் சேர்ந்து மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் முடிந்தது அந்தப் பயணம். கடிகாரத்துக்குள் அடங்கும் திறன்களுக்கு அணிகள் கொடுக்கும் கூடுதல் விலை எவ்வளவு என்று கேட்டால், இந்த இரண்டு போனஸுக்கும் இடையே உள்ள 50 லட்சம் டாலரைக் காட்டலாம் என்று தோன்றுகிறது, கொஞ்சம் அநியாயமான ஒப்பீடுதான் என்றாலும்.

யாரும் படிக்காத ஒரு கட்டம்

எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி பிறந்த தேதி. டிரவுட் பிறந்தது 1991 ஆகஸ்ட் 7. டிராஃப்ட் அன்று 17 வயது 10 மாதம். கிரிச்சக் 1991 ஆகஸ்ட் 13, ஆறே நாள் இளையவர். டேட் 1990 செப்டம்பர். ஒரே வகுப்பு, ஆனால் டிரவுட்டைவிட பத்து மாதத்துக்கு மேல் மூத்தவர். 30 வயதில் பத்து மாதம் ஒன்றுமே இல்லை. 17 வயதில், உடம்பு இன்னும் திரண்டுகொண்டிருக்கும்போது, அது பெரிய இடைவெளி. அதே ஓட்டத்தையும் அதே அடியையும் பத்து மாதம் முன்னாலேயே ஒருவன் செய்துகாட்டுகிறான் என்றால் அவனுக்கு இன்னும் வளர இடம் இருக்கிறது என்று பொருள்.

டிராஃப்டுக்கு இரண்டு வருடம் கழித்து, 2011-இல், ரேனி ஜசாயர்லி இதை எண்களில் போட்டுக் காட்டினார். தொழிலில் தோல் மருத்துவர், பேஸ்பால் புள்ளிவிவரம் பொழுதுபோக்கு. பழைய டிராஃப்டுகளில் எடுக்கப்பட்ட பள்ளி பேட்டர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, வகுப்பிலேயே இளையவர்கள் தங்கள் டிராஃப்ட் இடத்துக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட நன்றாகவே தேறியிருந்தார்கள், மூத்தவர்கள் எதிர்பார்ப்புக்குக் கீழே போயிருந்தார்கள். இதற்கு ரேடார் வேண்டாம், ஸ்டாப்வாட்ச் வேண்டாம், பள்ளிச் சான்றிதழ் போதும். பல பத்தாண்டுகளாக இந்தத் தகவல் ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் இருந்தது, விலையில் மட்டும் ஏறவில்லை.

இன்றைக்கு என்றால்?

இப்போது ஒரு மில்வில் பையனுக்குக் கதை வேறு மாதிரிப் போகும். பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் வேகம், பேட் சுழலும் வேகம், பிட்சர் போடும் பந்தின் சுழற்சி எல்லாவற்றையும் டிராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் பள்ளி மட்டத்திலேயே பிடித்துவிடுகின்றன. பேட் சென்சார் குளிர்கால உள்ளரங்கத்திலும் வேலை செய்யும், எதிரே யார் பந்து போடுகிறார் என்று அதற்குக் கவலையில்லை. 2012-இலிருந்து பள்ளி பேட்டுகளுக்கும் கடுமையான விதி வந்து, உலோக பேட் ஏறக்குறைய மர பேட் மாதிரி நடந்துகொள்கிறது. 2021-இலிருந்து மேஜர் லீக்கே டிராஃப்டுக்கு முன்பு முன்னணி ஆட்டக்காரர்களை அழைத்து ஓரிடத்தில் வைத்து அளக்கும் முகாம் நடத்துகிறது.

இதெல்லாம் நல்லதுதான், ஆனால் அளவை அறிந்த பையன்கள் அளவுக்காகவே பயிற்சி எடுக்கிறார்கள். வேகத்துக்குத்தான் மதிப்பு என்று தெரிந்துவிட்டதால் பதினைந்து வயதிலேயே உச்ச வேகத்தில் போட்டு முழங்கையில் கத்தி வைத்துக்கொள்ளும் பிட்சர்கள் பெருகிவிட்டார்கள். ஒற்றை எண்ணை நம்பினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது: 2008-இல் இந்தியாவில் வேகமாகப் பந்து எறிபவர்களைத் தேடிப் போட்டி வைத்து, உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. ரேடார் கன்னில் ரிங்கு 87 மைல் காட்டினார். உழைப்பில் குறையே இல்லை, மைனர் லீக்கில் சில வருடம் கௌரவமாகவே ஆடினார், ஆனால் இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை.

இந்த வழக்கை வைத்துப் பொதுவிதி எழுதுவதற்கு முன் ஒரு விஷயம். நாம் டிரவுட்டைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதே அவர் ஜெயித்ததால்தான். அதே 2009-இல் ஏதோ ஓர் ஏரியா ஸ்கவுட், ஏதோ ஒரு குளிர் மாநிலத்துப் பையனுக்காக அறையில் மேசையைத் தட்டி வாதாடியிருப்பார், அந்தப் பையன் இரண்டாம் வருடமே வெளியேறியிருப்பான், அதைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. ஏஞ்சல்ஸும் டிரவுட் இவ்வளவு பெரிய ஆளாக வருவார் என்று தெரிந்தா எடுத்தார்கள் என்று கேட்டால், மோர்ஹார்ட் அளவுக்கு யாரும் நம்பியிருக்க வாய்ப்பில்லை. 2010-இல் சீடர் ரேப்பிட்ஸ் மைனர் லீக் அணியில் டிரவுட் .362 பேட்டிங் சராசரி காட்டிய பிறகுதான் நாடே விழித்தது. அதே 2010 சீசன் முடிந்த கையோடு ஏஞ்சல்ஸ் நிர்வாகம் எடி பேனை வேலையிலிருந்து நீக்கியது. டிரவுட் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடியது 2011 ஜூலை 8.